கடைசிக்கால வசனங்களைக் குழுவாகப் படிப்பது எப்படி: வரிசை, முன்னேற்பாடு, வழக்கமான தவறுகள்

பெரம்பூரில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு வேதபாடக் குழுவை நடத்திவருகிறேன். உலக முடிவைப் பற்றிப் பேசும் கடைசிக்காலப் பகுதிகளை இதுவரை மூன்று சுற்று படித்திருக்கிறோம். முதல் சுற்று நான்காவது வாரத்திலேயே நின்றுபோனது. எடுத்த எடுப்பில் வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகமும் 666உம் வரும் 13ஆம் அதிகாரத்தைத் திறந்ததுதான் நான் செய்த பிழை. எட்டரை மணிக்குத் தேநீர் வந்தபோது இரண்டு குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன.

பிறகு வரிசையை மாற்றினேன். கருத்து வேறுபாடு மறையவில்லை. ஆனால் எந்த இடத்தில் வேறுபடுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும். புரொட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் ஒன்று. முன்னதில் வெளிப்படுத்தின விசேஷம், பின்னதில் திருவெளிப்பாடு; நூல் ஒன்றுதான். தானியேல் முன்னதில் 12 அதிகாரம், பின்னதில் அதற்கு இணைப்புப் பகுதிகளும் உண்டு. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பக்கம் தேடுவதிலேயே கால் மணி நேரம் போய்விடும்.

ஒரு நோட்டும் மூன்று நிறப் பேனாக்களும் வேண்டும். வசனம் நேரடியாகச் சொல்வதைக் கறுப்பில் எழுதுங்கள். இரண்டு வசனங்களை இணைத்து நாம் எட்டும் முடிவை நீலத்தில் எழுதுங்கள். இன்றைய செய்தியோடு நாம் ஒட்டவைப்பது சிவப்பு. கடைசிக்கால விவாதங்கள் பெரும்பாலும் நீலத்தையும் சிவப்பையும் கறுப்பு என்று எண்ணுவதால் வருபவை.

அடிக்குறிப்பு உள்ள வேதாகமம் வைத்திருப்பவர்கள் குறிப்பின்மேல் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொள்ளட்டும். ஒரே பக்கத்தில் அச்சாகியிருப்பதால் மேலே இருக்கும் வசனத்துக்கும் கீழே இருக்கும் மனிதக் கருத்துக்கும் நடுவில் உள்ள கோடு கண்ணில் படாமல் போய்விடுகிறது. பின்னால் தேவைப்படும்போது தாளை எடுத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். நான்கு வாரத்தில் முடிக்க நினைத்தால் முடிவுகளை மட்டும்தான் ஒப்பிக்க முடியும்.

1. எல்லோரும் ஒப்புக்கொள்வதை முதலில் எழுதுங்கள்

எங்கள் குழுவில் தென்னிந்தியத் திருச்சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் சகோதரர் சபையினரும் இருக்கிறார்கள். எதிர்வீட்டு கத்தோலிக்க அக்காவும் வருவார். முதல் வாரம் ஒரே கேள்விதான்: எதில் நமக்குச் சந்தேகமே இல்லை?

கிறிஸ்து மீண்டும் வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு, நாளும் நாழிகையும் நமக்குத் தெரியாது. நான்கு வரி. நிசேயா விசுவாசப்பிரமாணத்தை ஞாயிறுதோறும் சொல்கிறவர்களும் அதைச் சொல்லாத சபையாரும் இதில் ஒன்றுபடுகிறார்கள். இந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். எட்டாவது வாரம் குரல் உயரும்போது விரல் நீட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டும்.

2. பழகிய சொற்கள் வசனத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள்

குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் அதிகம் திகைப்பது இந்தப் படியில்தான். பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொற்களை ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் வசனம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்கு எதிரியாக வருபவன் என்ற பொருளில் சொல்லும் ‘அந்திக்கிறிஸ்து’ வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. அந்தச் சொல் யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டுமே வருகிறது. அங்கும் 1 யோவான் 2:18 அநேக அந்திக்கிறிஸ்துகள் ஏற்கெனவே இருப்பதாகச் சொல்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகம், பவுல் எழுதும் பாவமனுஷன், யோவானின் அந்திக்கிறிஸ்து ஆகிய மூவரும் ஒருவரே என்பது நீலப் பேனா முடிவு. சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீலம்.

முடிவுக்கு முன் உலகம் படும் பெருந்துன்பம் ‘ஏழு வருஷ உபத்திரவம்’ என்ற கணக்கும் வெளிப்படுத்தின விசேஷத்தில் இல்லை. அங்கே இருப்பவை 42 மாதமும் 1260 நாளும். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால் இரண்டும் ஒன்றுதான், அதாவது மூன்றரை வருஷம். ஏழு என்பது தானியேல் 9:27இன் ஒரு வாரத்திலிருந்து, அதன் ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணுவதால் வருவது.

கிறிஸ்து மறைவாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்ற ‘இரகசிய வருகை’யும் இப்படித்தான். 1 தெசலோனிக்கேயர் 4:16, 17 வசனங்களில் ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம் எல்லாம் இருக்கின்றன. இரகசியம் என்ற சொல் இல்லை. அந்தப் போதனையை நம்புகிறவர்கள் உலகத்துக்கு மறைவாக நடக்கும் என்ற பொருளில் சொல்கிறார்கள். திருடன் வருகிறவிதமாய் என்ற 5:2ஐ அதற்குத் துணையாகக் காட்டுகிறார்கள். அந்த வாதத்தைப் பிறகு கேட்கலாம். இப்போதைக்கு எது எந்த நிறம் என்பது மட்டும் போதும்.

இந்த வாரம் யாராவது முகம் வாடுவார்கள். ‘அப்படியென்றால் நாங்கள் கேட்டதெல்லாம் பொய்யா?’ என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். நீலத்தில் எழுதியது பொய்யாகிவிடாது. திரித்துவம் என்ற சொல்லும்கூட வேதத்தில் இல்லையே என்றேன். அதன்பின் அவனும் பேனாவை எடுத்தான்.

3. வேதமே பொருள் சொல்லும் தரிசனங்களைக் கொண்டு பழகுங்கள்

குறியீடுகளைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள விடை கொடுக்கப்பட்ட கணக்குகள் தேவை. தானியேல் 8இல் ஆட்டுக்கடாவும் வெள்ளாட்டுக்கடாவும் மோதுகின்றன. 20, 21 வசனங்களில் தூதனே விடை சொல்கிறான்: முன்னது மேதியா, பெர்சியா ராஜாக்கள், பின்னது கிரேக்க ராஜா. வெளிப்படுத்தின விசேஷம் 1:20இல் குத்துவிளக்குகள் சபைகள். 12:9இல் வலுசர்ப்பம் சாத்தான். 17:15இல் தண்ணீர்கள் ஜனங்கள், 17:18இல் ஸ்திரீ மகா நகரம்.

விடையைப் பார்க்காமல் முதலில் குழுவை ஊகிக்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் வெள்ளாட்டுக்கடாவுக்கு அமெரிக்கா, சீனா என்று இரண்டு விடைகள் வந்தன. வசனத்தை வாசித்ததும் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு ஒரு மாதப் பாடத்துக்குச் சமம்.

4. மத்தேயு 24க்குப் பக்கத்தில் லூக்கா 21ஐ வையுங்கள்

நோட்டை நடுவில் மடித்து இரு பத்திகளாக எழுதுங்கள். மத்தேயு 24:3இல் சீஷர்கள் ஒரே மூச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கேட்கிறார்கள்: தேவாலயம் இடிவது எப்போது, வருகைக்கும் உலக முடிவுக்கும் அடையாளம் என்ன. எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று பிரிப்பதுதான் வேலை.

மத்தேயு 24:15இல் பாழாக்குகிற அருவருப்பு பரிசுத்த ஸ்தலத்தில் நிற்கும் என்று வருகிற இடத்தில், லூக்கா 21:20 எருசலேம் சேனைகளால் சூழப்படும் என்கிறது. கி.பி. 70இல் ரோமப் படை எருசலேமை அழித்ததோடு இதைச் சேர்ப்பவர்கள் இங்கேதான் கால் ஊன்றுகிறார்கள். ‘இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’ என்ற 24:34உம் அவர்களுக்குப் பலம். ஆனால் 24:30இல் மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவதைப் பூமியின் கோத்திரங்கள் எல்லாம் காணும் என்று இருக்கிறதே என்று மற்றவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. இரு பக்கமும் தங்களுக்குச் சங்கடமான வசனத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி.

மத்தேயு 24:32இல் வரும் அத்திமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அத்திமரம் என்றால் இஸ்ரவேல், அது துளிர்த்தது 1948இல், ஒரு சந்ததி 40 வருஷம், ஆகவே 1988 என்று ஒரு கணக்கு உலகம் முழுவதும் ஓடியது. 1988 வந்தது, போனது. லூக்கா 21:29ஐ அருகில் வைத்திருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே தடுக்கியிருக்கும்: அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள் என்று இருக்கிறது.

5. தானியேல் 9இல் ‘அவர்’ யார் என்று கேளுங்கள்

இந்தப் படிக்கு இரண்டு வாரம் கொடுங்கள். தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது.

எபிரெய வினைச்சொல்லில் மரியாதைப் பன்மை கிடையாது. ராஜாவுக்கும் திருடனுக்கும் ஒரே விகுதி. தமிழில் அப்படி எழுத முடியாது. ‘அவர்’ அல்லது ‘அவன்’ என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்த நொடியில் மொழிபெயர்ப்பாளர் வியாக்கியானக்காரராகிவிடுகிறார்.

9:26இல் மேசியா சங்கரிக்கப்படுகிறார். வருகிற பிரபுவின் ஜனங்கள் நகரத்தை அழிக்கிறார்கள். 27ஆம் வசனத்தில் ஒருவர் அநேகருக்கு உடன்படிக்கையை ஒரு வாரமளவும் உறுதிப்படுத்துகிறார். அந்த ஒருவர் மேசியாவா, வருகிற பிரபுவா? பழைய மொழிபெயர்ப்பு ‘அவர்’ என்று தொடங்கி ‘ஒழியப்பண்ணுவார்’ என்று முடிக்கிறது. அதே வசனத்தின் பின்பாதியில் பாழாக்குகிறவன் ‘வந்து இறங்குவான்’. அதாவது உடன்படிக்கை செய்பவருக்கு மரியாதை உண்டு, பாழாக்குகிறவனுக்கு இல்லை. மொழிபெயர்த்தவர்கள் மேசியாவை மனத்தில் வைத்திருந்தார்கள் என்றுதான் இதை வாசிக்க முடியும்.

ஆனால் நம் ஊர்க் கன்வென்ஷன் மேடைகளில் இதே வசனத்தை வாசித்துவிட்டு அந்திக்கிறிஸ்து இஸ்ரவேலோடு ஏழு வருஷ ஒப்பந்தம் செய்வான் என்பார்கள். ‘அவர்’ என்று வாசித்த வாய் அடுத்த மூச்சிலேயே ‘அவன்’ என்று விளக்குகிறது, கேட்பவர்களும் கவனிப்பதில்லை. நானும் பல வருடம் கவனிக்கவில்லை.

ஆகவே குழுவில் இருவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஒருவர் எல்லா விகுதியையும் ‘அவர்’ என்றும், இன்னொருவர் ‘அவன்’ என்றும் வாசிக்கட்டும். முதல் வாசிப்பில் பலியை ஒழியப்பண்ணுவது சிலுவை. இரண்டாவதில் அது தேவாலயத்தின்மேல் வரும் அக்கிரமம். ஒரே எழுத்து மாற்றத்தில், தானியேல் 9 சொல்லும் எழுபது வாரங்களில் கடைசியான இந்த எழுபதாவது வாரம் முதல் நூற்றாண்டிலிருந்து எதிர்காலத்துக்குப் போய்விடுகிறது. அந்தியோக்கஸ் எப்பிபானேஸ் என்ற கிரேக்க ராஜா கி.மு. 167இல் எருசலேமில் பலிகளை நிறுத்தியதையே இது குறிக்கிறது என்று மூன்றாவது வாசிப்பும் உண்டு. அவர்களும் ‘அவன்’ கட்சிதான்.

தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீர்கள். தமிழ் விகுதியை ஆதாரமாகக் காட்டி வாதாட முடியாது என்பதை எல்லோரும் உணர்ந்தால் போதும். இதே பயிற்சியை வெள்ளைக்குதிரையிலும் செய்து பார்க்கலாம்: வெளிப்படுத்தின விசேஷம் 6:2இல் ‘ஏறியிருந்தவன்’, 19:11இல் ‘ஏறியிருந்தவர்’. முதல் குதிரைமேல் இருப்பதும் கிறிஸ்துவே என்று எண்ணியவர்கள் உண்டு. தமிழ் வாசகருக்கு அந்த ஐயமே எழாது, விகுதி கதவைச் சாத்திவிடுகிறது.

6. வெளிப்படுத்தின விசேஷத்தை ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள்

22 அதிகாரம், 404 வசனம். நான்கு பேர் மாறி மாறி வாசித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். 1:3இல் வாசிக்கிறவன் ஒருமை, கேட்கிறவர்கள் பன்மை. சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுத்தான் இந்த நூல் முதலில் பரவியது. துண்டு துண்டாகப் படித்தால் பயம் மட்டும் மிஞ்சும். முழுதாகக் கேட்டால் பாட்டுகள் எத்தனை என்பது காதில் விழும்.

அடுத்த வாரம் 2, 3 அதிகாரங்கள். எபேசு முதல் லவோதிக்கேயா வரை ஏழும் அன்று ஆசியா மாகாணத்தில் இருந்த உண்மையான ஊர்கள், இன்றைய துருக்கியில். அந்த மக்களுக்கு இது என்ன பொருள் தந்திருக்கும் என்ற கேள்வியைத் தாண்டி யாரும் 4ஆம் அதிகாரத்துக்குப் போகக்கூடாது. அவர்களுக்குச் சற்றும் புரிந்திருக்க முடியாத பொருளை நாம் கண்டுபிடித்தால், பேனா சிவப்பாகிவிட்டது என்று அறியுங்கள்.

7. 666ஐ இப்போதுதான் தொடுங்கள்

முதல் வாரத்திலேயே யாராவது கேட்பார்கள். ‘ஏழாவது படியில் பார்க்கலாம் அண்ணே’ என்று சொல்லி நகருங்கள்.

எழுத்தையே எண்ணாக எழுதும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. தமிழில் அ என்றால் எட்டு, வ என்றால் கால். ‘எட்டேகால் லட்சணம்’ என்றால் அவலட்சணம் என்று சொல்லும் பழைய குறும்பு இதில் பிறந்ததுதான். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் அப்படியே. ஆகவே மிருகத்தின் இலக்கமான 666ஐப் ‘புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்’ என்று 13:18 சொல்லும்போது, ஒரு பெயரின் எழுத்துகளைக் கூட்டச் சொல்கிறது என்பது பலரின் புரிதல்.

ரோமப் பேரரசன் நேரோவைக் குறிக்கும் ‘நேரோன் கேசர்’ என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டுங்கள்: 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. கூட்டுத்தொகை 666. நேரோன் என்பதன் கடைசி எழுத்தான நூனை விட்டு நேரோ என்று எழுதினால் 50 குறைந்து 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் உண்மையாகவே 616 என்று இருக்கிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது எங்கள் வீட்டில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை.

ஆனால் மறுபக்கத்தையும் போட வேண்டும். கேசருக்கு யோத் என்ற எழுத்தைச் சேர்த்து எழுதினால் பத்து கூடி 676 ஆகிவிடும். நூல் எழுதப்பட்டது கிரேக்கத்தில். ஏன் எபிரெயத்தில் கூட்ட வேண்டும்? நேரோ இறந்தது கி.பி. 68, நூல் 95ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பவர்களுக்கு அவன் ஏற்கெனவே பழங்கதை. ஆகவே இது வலுவான விடை, முடிந்த விடை அல்ல.

வலதுகையிலோ நெற்றியிலோ இடப்படும் மிருகத்தின் முத்திரைக்கு உபாகமம் 6:8ஐயும் வெளி. 14:1ஐயும் எடுங்கள். முன்னதில் கையிலும் நெற்றியிலும் தேவனுடைய வார்த்தை. பின்னதில், மிருகத்தின் முத்திரை வரும் 13க்கு அடுத்த அதிகாரத்திலேயே, நெற்றியில் பிதாவின் நாமம். நெற்றியில் எழுதப்பட்ட பிதாவின் நாமத்தை யாரும் சிப் என்று சொல்வதில்லை. மிருகத்தின் முத்திரையை மட்டும் பார்கோடு வந்தபோது பார்கோடு என்றார்கள், ஆதார் வந்தபோது ஆதார், தடுப்பூசி வந்தபோது தடுப்பூசி. இரண்டு முத்திரைக்கும் ஒரே அளவுகோலை வையுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

8. ஆயிரவருஷத்தில் எதிராளியின் வாதத்தைச் சொல்லவையுங்கள்

வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் ஆயிரம் வருஷம் என்ற சொல் ஆறுமுறை வருகிறது. கிறிஸ்து வந்தபின் பூமியில் ஆயிரம் வருஷ அரசாட்சி என்பது ஒரு கட்சி. பெந்தெகொஸ்தே, சகோதரர் சபைகளில் பெரும்பாலும் இதுதான். அந்த ஆயிரம் இப்போது நடக்கும் சபையின் காலத்தைக் குறிக்கும் குறியீடு என்பது இன்னொன்று. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் பெரும்பாலும் இந்தப் பக்கம். சுவிசேஷம் உலகை நிரப்பி ஒரு பொற்காலம் வந்தபின்பே கிறிஸ்து வருவார் என்பது மூன்றாவது. இதற்கு எங்கள் குழுவில் ஆள் கிடைக்கவே இல்லை, நானே வக்காலத்து வாங்கினேன்.

எல்லாம் இரண்டு கேள்விகளில் தொங்குகிறது. 20ஆம் அதிகாரம் 19க்குப் பின் நடப்பதா, திரும்பப் பின்னால் போய்ச் சொல்வதா? முதலாம் உயிர்த்தெழுதல் சரீரத்திலா, ஆவியிலா? சாத்தான் கட்டப்படுவதற்கு மத்தேயு 12:29இன் பலவானைக் குறியீட்டுக் கட்சி காட்டும். 4, 5 வசனங்களில் ஒரே ‘உயிர்த்தல்’ இருமுறை வருகிறது, ஓரிடத்தில் ஆவி, மறு இடத்தில் சரீரம் என்று எப்படிப் பிரிப்பீர்கள் என்று மற்றவர்கள் மடக்குவார்கள்.

இங்கே விதி இதுதான்: உங்கள் எதிராளி ‘ஆம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை அவருடைய வாதத்தை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே மறுக்கலாம். எங்கள் குழுவில் ஒரு பெரியவருக்கு நான்கு முயற்சி ஆனது. கத்தோலிக்க அக்கா பொறுமையாக ‘இல்லை ஐயா, இன்னொருமுறை’ என்றுகொண்டே இருந்தார்.

9. செய்தியை வசனத்தோடு ஒட்டுமுன் மூன்று கேள்விகள்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் கடல் ஏறிய அன்று மாலையே ‘சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்’ என்ற லூக்கா 21:25 எங்கள் தெருவில் வாய்க்கு வாய் போனது. 2015 வெள்ளத்தின்போது அதே வசனம் வாட்ஸ்அப்பில் வந்தது. துக்கத்தில் வசனம் தேடுவது இயல்பு. அந்த நேரத்தில் யாரையும் திருத்தாதீர்கள். பிறகு கேளுங்கள்.

இந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? இதே வசனத்தை இதற்குமுன் வேறு எந்தச் சம்பவத்தோடு ஒட்டினோம்? இந்த விளக்கம் தவறாக இருந்தால் அது எப்படித் தெரியவரும்? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. மத்தேயு 24:6 யுத்தங்களைச் சொல்லிவிட்டு ‘முடிவு உடனே வராது’ என்கிறது. அனுப்பப்படும் படங்களில் அந்த அரை வரி மட்டும் எப்போதும் வெட்டுப்பட்டிருக்கும்.

10. வரைபடம் கடைசியில், பென்சிலில்

காலக்கோடு வரைய ஆசைப்படுகிறவர்களைப் பன்னிரண்டாவது வாரம்வரை காக்கவையுங்கள். படம் முதலில் வந்தால் வசனங்கள் படத்தின் பெட்டிகளை நிரப்பும் பொருளாகிவிடும். இப்போது ஒவ்வொருவரும் தம் காலக்கோட்டை வரைந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் அருகில் அதன் நிறத்தைக் குறிக்கட்டும். என் சொந்தப் படத்தில் சிவப்பு ஒன்றும் இல்லை, நீலம் ஒன்பது இடத்தில்.

யாராவது தேதி கொண்டுவந்தால் வாதாடாதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியை எழுதி, சொன்னவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். என் நோட்டில் நான்கு கையெழுத்துகள் இருக்கின்றன. அவர்களில் மூன்று பேர் இன்னும் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். ஒருவர்தான் இப்போது தேநீர் போடுகிறார்.